எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

விருந்துச் சாப்பாட்டில் பலருக்கும் வாந்தி என்று தகவல் கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள், எந்தப் பண்டத்தால் வந்த வினை என்று ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட்ட பண்டம் மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் ஐஸ்கிரீம். அதுவும் இல்லையென்றால் சாம்பாரில் விழுந்த பல்லி. பணியில் இருந்த காலம் முழுக்க இந்தப் பல்லி என்னை விட்டபாடில்லை. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் பல்லியோடு சேர்ந்து கிருமியும் செத்துப்போகும். இலையில் பல்லியைப் பார்த்த அதிர்ச்சியிலேயே ஒரு பந்தி முழுவதும் குமட்டிக்கொண்டு எழுந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பல்லியின் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

டெல்டா பகுதியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொசுப் புழு, குடிநீர்க் குளோரின், தடுப்பூசி முகாம் என்று நாள்கள் ஓடும். நடுவில் இப்படி ஒரு தொலைபேசி வரும். போனவுடன் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் பல்லிக் கதைதான் வரும். "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது?" என்றுதான் தொடங்குவேன். எந்தக் கிருமி என்பதில் பாதி விடை அந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

காரணம் இதுதான். உணவில் வரும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே வழியில் நம்மைப் படுக்க வைப்பதில்லை. சில, நாம் சாப்பிடுவதற்கு முன்பே சோற்றிலோ இனிப்பிலோ வளர்ந்து, நச்சைச் சுரந்து வைத்துவிடுகின்றன. நாம் விழுங்குவது தயார் நிலையில் உள்ள நஞ்சு. எனவே அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. வேறு சில, உயிரோடு குடலுக்குள் போய் அங்கே வைத்து நச்சை உண்டாக்குகின்றன. இதற்கு 8 முதல் 16 மணி நேரம் ஆகும். வாந்தியைவிட வயிற்றுப்போக்கும் வயிற்றுப் பிடிப்பும்தான் மிகுதி. மூன்றாவது வகை குடல் சுவருக்குள்ளேயே புகுந்து அழற்சியை உண்டாக்குவது. அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும்; காய்ச்சல் வரும், சில சமயம் மலத்தில் இரத்தமும் போகும். ஒன்றுக்கொன்று கொஞ்சம் மேலே கீழே போகும் என்றாலும், ஊர்த் தெருவில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவனுக்கு இந்தக் கணக்கு பெரிய துணை.

ஒரு வளைகாப்பு வீட்டைச் சொல்கிறேன். கலவை சாதங்கள் செய்வது வழக்கம் அல்லவா: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், இன்னும் இரண்டு மூன்று. பகல் ஒரு மணிக்குப் பந்தி. மூன்று மணிக்கெல்லாம் குழந்தைகள் வாந்தி எடுக்கத் தொடங்கி, ஐந்து மணிக்குள் தெருவில் ஆளுக்கு ஒரு வாளி. கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கண் பட்டுவிட்டது என்று ஒரு கூட்டம் மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. தயிர் சாதம்தான் கெட்டிருக்கும் என்றது இன்னொரு கூட்டம். கடைசியாகச் சாப்பிட்டது அதுதானே.

இங்கேதான் பலரும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. வாந்தி எடுத்தவர்களை மட்டும் விசாரித்தால் ஒன்றும் தெரியாது, எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருப்பார்கள். சாப்பிட்டும் நன்றாக இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அவர்களுக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது, "எனக்கு ஒன்றும் இல்லையே சார், எதற்கு என் பெயர்?" என்பார்கள். விடக் கூடாது. ஒவ்வொரு பண்டத்துக்கும் நான்கு எண்கள் வேண்டும்: அதைச் சாப்பிட்டு நோயுற்றவர், சாப்பிட்டும் நோயுறாதவர், சாப்பிடாமல் நோயுற்றவர், சாப்பிடாமல் நோயுறாதவர். அன்றைக்குத் தயிர் சாதம் சாப்பிட்டவர்களிலும் சாப்பிடாதவர்களிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் வாந்தி. புளிசாதத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய் சாதத்தைத் தொட்டவர்கள்தான் வரிசையாகப் பாயில் கிடந்தார்கள்.

சமையல் மாஸ்டரைத் தனியே அழைத்துப் பேசினேன். மொத்தச் சோற்றையும் விடியற்காலை நான்கு மணிக்கே வடித்து, பிரம்புக் கூடையில் குவித்து, வேட்டியால் மூடி வைத்திருக்கிறார். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு சாதமாகக் கிளறியிருக்கிறார். பந்தி வரை ஒன்பது மணி நேரம் அந்தச் சோறு வெதுவெதுப்பாகவே இருந்திருக்கிறது.

அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணிலிருந்து இயல்பாகவே வந்து ஒட்டியிருக்கும். அதுவும் ஸ்போர் எனப்படும் உறங்கும் நிலையில். சோறு கொதிக்கும் சூட்டை ஸ்போர் தாங்கிவிடும். சொல்லப்போனால் அந்தச் சூடுதான் அதை எழுப்பிவிடுகிறது. சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சைச் சுரக்கிறது. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் இந்த நச்சு அழிவதில்லை. வயிற்று அமிலமும் இதை ஒன்றும் செய்யாது. அப்படியிருக்க, வாணலியில் எண்ணெய் ஊற்றித் தாளித்துக் கிளறினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயும் முதல் நாளே மொத்தமாகச் சோறாக்கி வெளியில் வைத்துவிடுவார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்பதால்.

வீட்டுப் பாட்டி ஒருவர் விடாமல் கேட்டார். "கெட்டுப்போயிருந்தால் நாறியிருக்காதா தம்பி? நான் மோந்து பார்த்துத்தானே இலையில் போடச் சொன்னேன்."

நாற்றத்தை உண்டாக்குகிற பாக்டீரியாக்கள் வேறு, நோயை உண்டாக்குகிறவை வேறு. ஊசிப்போன சாம்பாரை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும், நாமும் கொட்டிவிடுவோம். செரியுலைடுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. உணவு நோய்களில் எனக்குத் தெரிந்து அதிக ஆபத்தான கருவி மனித மூக்குதான், அதை நம்பி எத்தனை பேர் பரிமாறியிருக்கிறார்கள்!

புளிசாதம் ஏன் தப்பியது? புளியின் அமிலத்தில் பாசில்லஸ் வளர முடியாது. யாத்திரைக்குப் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போன நம் முன்னோர் இதை அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்கள். புளித்த தயிருக்கும் அதே பாதுகாப்பு ஓரளவு உண்டு. ஆனால் விசேஷங்களில் தயிர் சாதம் புளித்துவிடக் கூடாது என்று பாலை ஊற்றிப் பிசைவார்கள். அந்தப் பாதுகாப்பை நாமே எடுத்துவிடுகிறோம். தேங்காய்க்கோ அமிலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கொஞ்சம் தேங்காய் சாதத்தை வாங்கிப்போய்க் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மாதிரி கிடைத்தது. மற்றபடி நாங்கள் போவதற்குள் பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்திருக்கும். அவமானத்தில் வீட்டார் செய்யும் முதல் காரியம் அதுதான். கூட்டமாக யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, பெயரையும் நேரத்தையும் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம், சில கிருமிகள் உறைந்தால் செத்துப்போய் ஆய்வகத்தில் அகப்படாது.

கிடா வெட்டு வேறு மாதிரி. இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. நள்ளிரவு வரை யாருக்கும் ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்ட கையோடு வயிறு முறுக்கிக்கொண்டு போகும். உடனே இட்லிக்காரர் மாட்டிக்கொள்வார். ஒருமுறை இட்லிக் கடையை அடித்து நொறுக்கவே புறப்பட்டுவிட்டார்கள். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வயிற்றுப்போக்கும் பிடிப்பும், சாப்பிட்டு ஒன்பது பத்து மணி நேரம் கழித்து. இது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வழக்கமான நேரக் கணக்கு.

இதுவும் ஸ்போர் வடிவில் கறியிலும் மசாலாவிலும் வரும். பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடம்தான் இதற்குச் சொர்க்கம். அண்டா பெரிதாக இருந்தால் ஆறுவதற்கு இரவு முழுவதும் ஆகும். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் இது சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு செல், மூன்று மணி நேரத்தில் 2,62,144. இப்படிப் பல இலட்சம் உயிருள்ள செல்களைக் குழம்போடு விழுங்கினால், அவை சிறுகுடலில் போய் மறுபடியும் ஸ்போராக மாறும்போது நச்சை வெளிவிடுகின்றன. பாதிப்பு பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெர்ஃபிரிஞ்சன்ஸ் வளர்ந்த குழம்பை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்துச் சாப்பிட்டிருந்தால் அந்தச் செல்கள் செத்திருக்கும். வெதுவெதுப்பாகச் சூடு காட்டியதுதான் வினை. ஆனால் பாசில்லஸ் சோற்றில் வைத்துவிட்டுப் போன நச்சை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது. "சுட வைத்துவிட்டேனே" என்ற பதில் முதலாவதற்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது. எது எதில் இருக்கிறது என்று கண்ணால் தெரியாது என்பதால், தொடக்கத்திலேயே வளர விடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

பால்கோவா, கிரீம் கேக், பால் சேர்த்த இனிப்புகள் என்றால் நான் முதலில் பார்ப்பது பண்டத்தை அல்ல, கையை. "மாஸ்டர், கையைக் காட்டுங்கள்" என்றால் சிலர் துண்டில் துடைத்துவிட்டுக் காட்டுவார்கள், சிலர் பின்னால் கொண்டுபோவார்கள். பின்னால் போகும் கையில் ஒரு வெட்டுக்காயம், அதன் மேல் மஞ்சள் பற்று. சீழ் பிடித்த காயத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கோடிக்கணக்கில் இருக்கும். காயம் இல்லாத ஆரோக்கியமான ஆள்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அதைச் சுமக்கிறார். சர்க்கரை மிகுந்த இடத்திலும் உப்பு மிகுந்த இடத்திலும் மற்றவை வாடும்போது இது தாக்குப்பிடிக்கும். இதன் நச்சும் கொதிநிலையைத் தாங்கக்கூடியதுதான். வயிற்றின் நரம்பு வழியாக மூளையில் உள்ள வாந்தி மையத்தைத் தூண்டிவிடுவதால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே ஆளைச் சுருட்டிவிடும்.

1914-இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர், வெளியில் வைத்திருந்த பாலைத் தானே குடித்துப் பார்த்து இதை நிறுவினார். மாட்டின் மடியிலிருந்தே கிருமி வந்திருந்தது. கறந்த சூட்டோடு குடித்தால் ஒன்றும் இல்லை, சில மணி நேரம் வெளியில் இருந்த பால் மட்டுமே படுக்க வைத்தது. 1975-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் போன ஜப்பானிய விமானத்தில் ஆம்லெட்டோடு கொடுத்த பன்றி இறைச்சியால் 190-க்கும் மேற்பட்ட பயணிகள் விழுந்தார்கள். இறைச்சியைக் கையாண்ட சமையல்காரரின் விரலில் புண் இருந்தது. விமானிகள் வேறு உணவு சாப்பிட்டிருந்ததால் விமானம் தரையிறங்கியது.

காயம் பட்ட சமையல்காரர் ஏன் வேலைக்கு வருகிறார்? வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவரைத் திட்டிப் பயன் இல்லை. காண்ட்ராக்ட் எடுப்பவர் அவரை அடுப்பு பார்க்க, சிலிண்டர் மாற்ற என்று வேறு வேலையில் போட்டுக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்கிற ஒரு காண்ட்ராக்டரை எனக்குத் தெரியும். அவர் சமைத்த இடத்திலிருந்து எனக்கு ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை.

ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருகிற நோய்களில் விசாரணையே தடுமாறும். முந்தாநாள் மாலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சால்மொனெல்லா சரியாக வேகாத கோழியிலும் பச்சை முட்டையிலும் வரும். ஷிகெல்லா என்ற பாக்டீரியாவுக்கு 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே போதும்; எனவே பண்டம் வெளியில் கிடந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, கழுவாத ஒரு கை போதும். 2022-இல் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்டவர்களுக்கு நேர்ந்ததில் ஷிகெல்லாதான் கண்டறியப்பட்டது. ஒரு பள்ளி மாணவி இறந்துபோனார். ஷவர்மாவில் வெளிப்பக்கம்தான் வேகும், உள்ளே வெதுவெதுப்பு; கூட்டம் நெருக்கும்போது வேகாத பகுதியையும் சீவிப் போட்டுவிடுகிறார்கள். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தபோது, என் பேரப்பிள்ளைகள் என்னைத்தான் முறைத்தார்கள்.

இனி படுத்தவர்களைப் பற்றி. வாந்திக்கும் பேதிக்கும் ஆள் இறப்பது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக அல்ல, உடம்பின் நீரும் உப்பும் வற்றிப்போவதால். இதைப் புரிய வைத்ததில் கல்கத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சம்பு நாத் தே என்ற மருத்துவர் 1959-இல், காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்க வைக்கிறது என்று காட்டினார். கிருமி இல்லாமலே நச்சு மட்டும் அந்த வேலையைச் செய்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. அந்த நச்சு குடலின் உப்புச் சுரப்பைத் திறந்துவிடுகிறது, ஆனால் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழியை அது தொடுவதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வழியாகத்தான். 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மகலாநபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் கொடுத்தார். அங்கே 30 சதவீதம் அளவுக்கு இருந்த காலரா இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்து உப்பை ஏற்றிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி வாய் வாயாக. பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. 2025 அக்டோபரில் அவற்றின் மேல் ஓஆர்எஸ் என்று எழுதுவதற்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை, அதிலும் இரத்தம் போகும்போது, கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். தயாரான நச்சால் வந்த வாந்திக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. மலத்தில் இரத்தம், அதிகக் காய்ச்சல், ஆறு ஏழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பார்வை இரண்டாகத் தெரிவதும் இமை தொங்குவதும் விழுங்க முடியாமல் போவதும் பொட்டுலிசம் என்ற மிக அரிதான, மிகக் கொடிய நச்சின் அறிகுறிகள். அதில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

விசேஷம் வைப்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சோற்றை ஒரே தடவையாக வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடிக்கச் சொல்லுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு கிடக்கும் நேரத்தை இரண்டு மணிக்குள் அடக்குங்கள். மிஞ்சினால் அண்டாவோடு விடாமல் அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஆற வைத்து, உடனே குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். மாஸ்டர் முணுமுணுப்பார். இன்னொரு சிலிண்டர், இன்னொரு ஆள் கூலி என்பார். கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மாலை நான்கு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்யும்போதுதான் ஆதரவற்றோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்து மிச்சத்தை எடுத்துப் போகச் சொல்வார்கள். நல்ல மனதுதான். ஆனால் காலையிலிருந்து வெளியில் கிடந்த சோறு போய்ச் சேர்வது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்; இந்த நச்சுகளை யார் தாங்க மாட்டார்களோ அவர்களுக்கே. அன்னதானம் செய்ய நினைத்தால் முதல் நாளே சொல்லி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அனுப்புங்கள். என் மகள் திருமணத்தில் முதல் பந்தி உட்காரும் முன்பே இல்லத்துக்கான பாத்திரங்கள் வேனில் ஏறிவிட்டன. மாப்பிள்ளை வீட்டார் சிலருக்கு அதில் வருத்தம்தான்.